சவளின் நுனியில் கேட்டது

போன வியாழக்கிழமை தரம் 11 வகுப்பில் ஒரு பொடியன் எழும்பிக் கேட்டான்: "டீச்சர், காத்துக்குள்ள சத்தம் ஒரு செக்கனுக்கு 340 மீற்றர் போகுது, தண்ணிக்குள்ள 1500 மீற்றர் போகுது எண்டு எழுதித் தந்தீங்க. அப்பிடியெண்டா தண்ணிதானே சத்தத்துக்கு நல்ல வழி. ஆத்துக்குள்ள முங்கிக் கிடக்கிறவனக் கரையில நிண்டு கூப்பிட்டா ஏன் அவனுக்குக் கேக்கிறல்ல?"

நான் வாய் திறக்க மணி அடித்துவிட்டது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தக் கேள்விதான் மனதில். மட்டக்களப்பில் ஆற்றுக்கு மேற்கே இருக்கும் படுவான்கரையில் 14 வருடமாக விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். முதல் மூன்று வருடம் மண்முனையில் பாதை (ஆளையும் வாகனத்தையும் ஏற்றி ஆறு கடத்தும் மிதவை) ஏறித்தான் போய்வந்தேன், 2014இல்தான் பாலம் வந்தது. இவ்வளவு காலத்தில் அலைகள் பாடத்தில் இப்படி நேராக நெஞ்சில் குத்திய கேள்வி இன்னொன்று வரவில்லை. சூத்திரத்தைப் பாடமாக்கிய பிள்ளை கேட்ட கேள்வியில்லை இது. ஆற்றில் முங்கிக் குளித்த பிள்ளை கேட்டது. நாற்பது நிமிடப் பாடத்துக்குள் அடங்காத விடை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

விடை என் அப்பாவின் சவளில், தோணி வலிக்கும் துடுப்பில், இருக்கிறது.

அப்பா நொச்சிமுனை ஆற்றங்கரையில் தோணி வைத்திருந்தவர். வரைபடத்தில் அது மட்டக்களப்பு வாவி, 56 கிலோமீற்றர் நீளம். எங்களுக்கு ஆறு. எனக்கு ஏழெட்டு வயது இருக்கும். இரவில் ஆற்றில் இறங்கத் தடை இல்லாத ஒரு பூரணைக்கு என்னையும் தோணியில் ஏற்றிக்கொண்டு கல்லடிப் பாலத்துப் பக்கம் போனார். காற்றே இல்லை. வலிப்பதை நிறுத்திவிட்டுச் சவளைத் தண்ணீருக்குள் செங்குத்தாக இறக்கினார். பிடியின் நுனியைத் தன் காதுக்குப் பின்னால், எலும்பு துருத்திக்கொண்டிருக்கும் இடத்தில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து என்னிடம் தந்தார்.

"காதுக்குழிக்குள்ள வைக்காத புள்ள. எலும்பில வை. இறுக்கிப் பிடிக்காத."

வைத்தேன். யாரோ வாயை மூடிக்கொண்டு முனகுவதுபோல ஒரு சத்தம். நீண்டது, நின்றது, இன்னொரு சுருதியில் திரும்ப வந்தது. தலையைச் சவளில் இருந்து எடுத்தேன். ஒன்றுமில்லை, தோணியின் விலாவில் தண்ணீர் தட்டும் சத்தம் மட்டும். திரும்ப வைத்தேன், திரும்பக் கேட்டது.

இந்தச் சத்தத்தைத்தான் ஆற்றின் பாட்டு என்பார்கள். மீன் பாடுகிறதா, ஓட்டுக்குள் வாழும் ஊரி பாடுகிறதா என்ற வாதம் ஊரில் இன்றைக்கும் ஓயவில்லை. அப்பா ஊரிக் கட்சி. எனக்கு அன்றைக்குப் பெரிய புதிராக இருந்தது பாடுவது எது என்பதில்லை. சவளில் தலை வைத்தால் கேட்பது, எடுத்தால் ஏன் கேட்காமல் போகிறது?

பொடியனின் கேள்வியும் இதேதான், தலைகீழாக. அவன் காற்றில் இருந்து தண்ணீருக்குள் சத்தத்தை அனுப்பப் பார்க்கிறான். நான் தண்ணீருக்குள் இருந்து காற்றுக்கு வரும் என்று பார்த்திருந்தேன். இரண்டுக்கும் நடுவில் நிற்பது தண்ணீரின் முகம்.

அலை ஓர் ஊடகத்துக்குள் எவ்வளவு வேகமாக ஓடும் என்பது ஒன்று, அந்த ஊடகத்துக்குள் நுழைய முடியுமா என்பது வேறொன்று. பாடப்புத்தகத்தில் முதலாவதுக்குத்தான் அட்டவணை இருக்கிறது. இரண்டாவதைக் கணக்கிட ஊடகத்தின் அடர்த்தியை அதில் ஒலி ஓடும் கதியால் பெருக்க வேண்டும். காற்றுக்கு 1.2 தர 340, ஏறக்குறைய 400. தண்ணீருக்கு 1000 தர 1500, பதினைந்து இலட்சம். ஒன்றுக்கு மற்றது மூவாயிரம் மடங்குக்கு மேல். இவ்வளவு வித்தியாசம் உள்ள எல்லையில் ஒலி மோதினால், பிங்பொங் பந்து கொங்கிறீற் சுவரில் பட்டதுபோலத் திரும்பிப் போகும். நேர்செங்குத்தாக விழுந்தாலும் சக்தியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே நுழையும். மிச்சம் முழுவதும் தெறிப்பு. கீழேயிருந்து மேலே வந்தாலும் இதே பங்குதான்.

இப்போது மரத்தைப் பாருங்கள். மரத்தில் நார் ஓடும் திசையில் ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 4000 மீற்றர் போகும், அடர்த்தி 600, 700 என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் இருபத்தைந்து இலட்சம் அளவில் வருகிறது. தண்ணீரின் பதினைந்து இலட்சத்துக்கு இது நல்ல அயல். அதனால் தண்ணீருக்குள் அதிரும் சத்தம் சவளுக்குள் தாராளமாக ஏறுகிறது. சவளில் இருந்து மண்டையெலும்பு, எலும்பில் இருந்து உட்செவி. காற்று என்ற ஒன்று இந்த வழியில் குறுக்கே வரவேயில்லை.

1848 செப்டெம்பரில் மட்டக்களப்புக்கு வந்த எமர்சன் டெனன்ட், அப்போது இலங்கையை ஆண்ட பிரித்தானிய அரசின் குடியேற்ற நாட்டுச் செயலாளர், நிலவில் தோணியேறி இதே சத்தத்தைக் கேட்டிருக்கிறார். தோணியின் மரத்தில் காதை வைத்ததும் சத்தம் மிகக் கூடியது என்று எழுதி வைத்திருக்கிறார். அதற்கு 22 வருடத்துக்கு முன், 1826இல், சுவிற்சர்லாந்தின் ஜெனீவா ஏரியில் கொலடொன் என்பவர் தண்ணீருக்குள் ஒலியின் கதியை அளந்தார். ஒரு தோணியில் இருந்து தண்ணீருக்குள் மணியை அடித்தார்கள், அடிக்கும் அதே கணத்தில் வெடிமருந்து பற்றி வெளிச்சம் காட்டியது. பதின்மூன்று கிலோமீற்றருக்கு மேல் தள்ளி இன்னொரு தோணியில் அவர் காத்திருந்தார். அவர் காதில் வைத்திருந்தது தண்ணீருக்குள் இறக்கிய ஒரு நீண்ட குழாய். வெளிச்சம் கண்டதில் இருந்து மணி கேட்கும் வரையான நேரத்தை எடுத்தார். செக்கனுக்கு 1435 மீற்றர் வந்தது, 8 பாகை குளிர்த் தண்ணீரில். இதை முதன்முதலாகப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அப்பாவிடம் போய்ச் சொன்னேன். "அவரும் சவள் வச்சுத்தான் கேட்டிருக்கார் அப்பா."

ஒளியின் கதை வேறு. நேராகத் தண்ணீரில் விழும் ஒளியில் நூற்றில் இரண்டு பங்குதான் தெறிக்கும், மிச்சம் உள்ளே போய்விடும். மாரி கழிந்து தண்ணீர் தெளிந்த நாட்களில் ஆற்றின் அடிமணலைத் தோணியில் இருந்தே பார்க்கலாம். அதே அடியில் பாடுவதைத் தோணியில் இருந்து கேட்க முடியாது. கண்ணுக்குத் திறந்த கதவு காதுக்குச் சாத்தியிருக்கிறது.

அடுத்தது, உள்ளே நுழைந்த அலைக்கு என்ன நடக்கும் என்பது. இங்கேதான் பிள்ளைகள் மீடிறனையும் (செக்கனுக்கு எத்தனை அலை) அலைநீளத்தையும் (ஓர் அலைக்கும் அடுத்ததுக்கும் உள்ள தூரம்) போட்டுக் குழப்புகிறார்கள். நான் கல்லடிப் பழைய பாலத்தைச் சொல்வேன். 1924இல் திறந்த அந்த இரும்புப் பாலம் ஒடுக்கம். பக்கத்தில் புதுப்பாலம் வரும் 2013 வரைக்கும் எல்லா வாகனமும் அதில் ஊர்ந்துதான் போனது. ஒரு நிமிடத்துக்குப் பத்து வாகனம் இந்தப் பக்கம் ஏறினால், வரிசை சீராக ஓடும்போது அந்தப் பக்கம் நிமிடத்துக்குப் பத்துத்தான் இறங்கும். ஒன்றுகூடக் காணாமல் போகாது, புதிதாக ஒன்றும் முளைக்காது. அதுதான் மீடிறன், எல்லையில் மாறாது. ஆனால் பாலத்தில் கதி குறைவு, அதனால் முன்வண்டிக்கும் பின்வண்டிக்கும் இடைவெளி சுருங்கும். அதுதான் அலைநீளம். கதி குறைந்தால் அலைநீளம் குறையும், கதி கூடினால் கூடும். கதி சமன் மீடிறன் தர அலைநீளம் என்ற சமன்பாடு சொல்வது இவ்வளவும்தான். அந்தப் பாலத்தில் பஸ்சுக்குள் வேர்த்து நின்றவர்களுக்கு இதை இரண்டாம் முறை சொல்லத் தேவையில்லை.

திரும்புவதைக் காட்ட மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இல்ல விளையாட்டுப் போட்டிக்கு அணிநடை பழகிய பிள்ளைகள் எட்டுப் பேரை ஒரு நீளக் கம்பைப் பிடித்தபடி வரிசையாக நிற்கவைத்தேன். மைதானத்தின் ஒரு பக்கம் இறுகிய தரை, மறுபக்கம் கால் புதையும் மணல். எல்லைக்குச் சரிவாக நடக்கச் சொன்னேன். இடக்கரையில் நின்ற பிள்ளை முதலில் மணலில் கால் வைத்தாள், அவள் நடை தளர்ந்தது. வலக்கரையில் நின்றவள் இன்னும் கெட்டித்தரையில் வீறுநடை. கம்பு தானாகவே திரும்பியது. ஒருவரும் திரும்பச் சொல்லவில்லை. "டீச்சர், நாங்க வளைஞ்சிட்டம்!" அதுதான் முறிவு. எல்லைக்கு நேராக நடந்தபோது எல்லோரும் ஒன்றாக மணலில் ஏறினார்கள், நடை தளர்ந்தது, வரிசை திரும்பவில்லை.

ஒளிக்குத் தண்ணீர் மணல். காற்றில் செக்கனுக்கு 300,000 கிலோமீற்றர் ஓடுவது தண்ணீருக்குள் 225,000க்கு இறங்கும், இந்த இரண்டு கதிகளின் விகிதமான முறிவுச் சுட்டி 1.33. ஒரு மீற்றர் ஆழத்தில் நிற்கும் மீன் நேர்மேலே இருந்து பார்த்தால் 75 சென்ரிமீற்றரில் நிற்பதுபோலத் தெரியும். சரித்துப் பார்த்தால் இன்னும் மேலே. ஈட்டியால் மீன் குத்துகிறவர்கள் மீனைப் பார்த்துக் குத்துவதில்லை, அதற்குக் கீழே குத்துவார்கள். எவ்வளவு கீழே என்பது அவர்கள் கைக்குத் தெரியும்.

ஒலிக்கோ தண்ணீர் கெட்டித்தரை, காற்றுத்தான் மணல். இதை வகுப்பில் நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அடர் ஊடகம், ஐதான ஊடகம் என்ற சொற்களைப் பிள்ளைகள் நிறையோடு சேர்த்துப் பாடமாக்கிவிடுகிறார்கள். ஒளிக்கு அடர் ஊடகமாக இருக்கும் தண்ணீர் ஒலிக்கு ஐதான ஊடகம். எந்த அலைக்கு எங்கே கதி குறைவு என்பதைப் பார்த்துத்தான் பெயர். அப்படியென்றால் முழுவகத் தெறிப்பும், அதாவது அலை எல்லையைத் தாண்டாமல் முழுவதும் திரும்புவதும், இடம் மாறும். ஒளி தண்ணீருக்குள் இருந்து வெளியே வரும்போது செங்குத்தில் இருந்து 49 பாகைக்கு மேல் சரிந்தால் வெளியேறாது. ஒலிக்கு இது காற்றில் இருந்து தண்ணீருக்குள் போகும்போது நடக்கும், அந்த எல்லைக் கோணமான அவதிக்கோணம் 13 பாகைதான். கரையில் நின்று கூப்பிடும் பொடியனின் குரல் தண்ணீரில் எந்தச் சரிவில் விழுகிறது? அநேகமாகப் படுத்த வாக்கில், 80 பாகையில். நேராக விழுந்தாலே ஆயிரத்தில் ஒன்று. இந்தச் சரிவில் அதுவும் இல்லை. முங்கிக் கிடக்கும் நண்பனுக்குக் கேட்காதது இதனால்தான், மகன். அவன் தோணிக்குக் கீழே இருக்கும்போது தோணியின் பலகையில் தட்டிப் பார், கேட்கும்.

இரவில் படுவான்கரைக் கூத்துச் சத்தம் ஆறு கடந்து எங்கள் வீட்டுக்கு வருவதும் முறிவால்தான். பகலில் அதே கூத்துக் களரியில் ஒத்திகை நடந்தால் கேட்காது. பகலில் தரையை ஒட்டிய காற்றுச் சூடு, மேலே போகப்போகக் குளிர். காற்றில் ஒரு பாகைக்கு ஒலியின் கதி செக்கனுக்கு 0.6 மீற்றர் கூடும். அதனால் சத்தத்தின் கீழ்ப்பகுதி முந்தி ஓடி, அலை வானத்தைப் பார்த்து வளைந்துவிடும். பொழுதுபட்டதும் தரையும் தண்ணீரை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, மேலே சூடு நிற்கும். இப்போது மேற்பகுதி முந்துகிறது. அலை கவிழ்ந்து கீழே வருகிறது. அண்ணாவியாரின் மத்தளமும் சல்லாரியும் ஆற்றின் மேலால் கவிழ்ந்து வந்து எங்கள் முற்றத்தில் இறங்கும். வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில் திருக்குளிர்த்திப் பாட்டும் அப்படியே. என் அம்மா அம்மன் கிட்ட வந்துவிட்டாள் என்பார். அந்த நேரத்தில் நான் முறிவைப் பற்றிப் பேசுவதில்லை, நானும் கையெடுத்துக் கும்பிடுவேன்.

கல்லடிக் கடற்கரையில் நிற்கும்போதும் இதைப் பார்க்கலாம். காற்று எந்த மூலையில் இருந்து அடித்தாலும் அலைகள் கரைக்கு வரும்போது கரையோடு ஒட்டிய வரிசையாகத்தான் வருகின்றன. ஆழம் குறைந்த தண்ணீரில் அலையின் கதி குறையும். சரிவாக வரும் அலையின் கரைப்பக்க முனை முதலில் தளர்கிறது, மறுமுனை சுற்றிக்கொண்டு வந்து சேர்கிறது. எங்கள் மைதானத்துக் கம்புதான்.

ஆழம் குறைந்தால் கதி குறையும் என்ற இந்த ஒரு வரியைப் படிப்பிக்கும்போது நான் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டுதான் நிற்பேன், பிள்ளைகளைப் பார்க்க முடியாது.

2004 டிசம்பர் 26, நத்தாருக்கு மறுநாள் ஞாயிறு. காலை ஏழு மணிக்குச் சற்று முன் சுமாத்திராவுக்கு அருகே கடலடி அதிர்ந்தது. எனக்கு 17 வயது. நாங்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்த நேரத்தில் அலை வங்கக் கடலுக்குள் ஓடத் தொடங்கிவிட்டது. நீளமான அலைக்குக் கதி ஆழத்தில் மட்டும் தங்கியிருக்கும். ஆழத்தைப் புவியீர்ப்பு ஆர்முடுகலால் பெருக்கி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 4000 மீற்றர் ஆழத்தில் செக்கனுக்கு 198 மீற்றர், மணிக்கு 700 கிலோமீற்றருக்கு மேல், விமானத்தின் வேகம். உயரம் மிகச் சிறிது. அதிர்ச்சி நடந்து இரண்டு மணித்தியாலத்துக்குப் பின் இந்து சமுத்திரத்துக்கு மேலால் போன ஜேசன் 1 செய்மதி நடுக்கடலில் அளந்த உயரம் ஏறக்குறைய 60 சென்ரிமீற்றர். அலையின் நீளமோ நூற்றுக்கணக்கான கிலோமீற்றர். நடுக்கடலில் நின்ற படகுக்காரர்கள் ஒன்றும் உணரவில்லை.

பத்து மீற்றர் ஆழத்துக்கு வரும்போது கதி செக்கனுக்கு 10 மீற்றர்தான். மீடிறன் மாறாது, பாலத்தில் ஏறும் வாகனத்தின் எண்ணிக்கைபோல. அலைநீளம் சுருங்குகிறது. அந்த நீளம் முழுவதும் பரந்திருந்த சக்தி சுருங்கிய இடத்துக்குள் அடங்க வேண்டும், அடங்க ஒரே வழி உயர்வதுதான். தாய்லாந்துப் பக்கம் முதலில் போனது அலையின் பள்ளமான தாழி, அதனால் அங்கே கடல் முதலில் உள்வாங்கியது. எங்கள் பக்கம் முதலில் வந்தது அலையின் உச்சியான முடி. முன்னறிவிப்பு என்று கடல் எங்களுக்கு ஒன்றும் தரவில்லை. இரண்டு மணித்தியாலத்துக்குள் வந்து சேர்ந்தது. கடலோரம் நாவலடியில் இருந்த என் சின்னம்மாவும் அவவின் இரண்டு பிள்ளைகளும் போய்விட்டார்கள். அப்பா ஆற்றுப் பக்கம் நின்றதால் தப்பினார்.

அலை தண்ணீரைக் கொண்டு வருவதில்லை, சக்தியைத்தான் கொண்டு வருகிறது என்று வலையின் மிதப்பைக் காட்டித்தான் இந்தப் பாடத்தைத் தொடங்குவேன். மிதப்பு ஏறி இறங்கும், இடம் மாறாது. ஒரு வருடம் ஒரு பெண்பிள்ளை கேட்டாள், "அப்ப எப்பிடி டீச்சர் அண்டைக்கு வீட்டுக்குள்ள தண்ணி வந்த?" சுனாமிக்குப் பிறகு பிறந்த பிள்ளை, வீட்டில் கேட்டு வளர்ந்தவள். அவளுக்குச் சொன்னது இதுதான். மிதப்பின் விதி அலையின் உயரம் ஆழத்தை விட மிகச் சிறிதாக இருக்கும் வரைக்கும்தான். கரையில் உயரமும் ஆழமும் ஒன்றுக்கொன்று கிட்ட வந்ததும் தண்ணீரே ஓடத் தொடங்கும். அத்தனை நீளமான அலை என்பதால் முடி கடந்து போகவே பல நிமிடம் எடுக்கும். அத்தனை நிமிடமும் கடல் ஒரு பக்கமாக ஓடியது. அவள் தலையாட்டினாள். எழுதிக்கொள்ளவில்லை.

2004இல் எங்கள் வகுப்பில் யாருக்கும் இந்தக் கணக்குத் தெரியாது. சுனாமி என்ற சொல்லே தெரியாது. வர்க்கமூலம் எடுக்கத் தெரிந்த எந்தப் பிள்ளையும் இந்தக் கணக்கைப் போடலாம். ஒவ்வொரு தரம் 11க்கும் நான் இதைப் போட்டுக் காட்டுகிறேன், பரீட்சையில் வருகிறதோ இல்லையோ.

அப்பாவிடம் வருகிறேன். எப்போதும் உரத்துப் பேசுகிற மனிதர். தோணிக்காரர் எல்லாரும் அப்படித்தான் என்று நினைத்திருந்தோம். இரண்டு வருடத்துக்கு முன் காதுக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டொக்டர் ஓர் இசைக்கவையைத் தட்டிக் காதுக்குழிக்குப் பக்கத்தில் பிடித்தார்.

"கேக்குதா ஐயா?"

"இல்ல டொக்டர்."

அதே கவையின் அடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் ஊன்றினார். அப்பாவின் முகம் மலர்ந்தது. "ஓம், ஓம். பாடுது."

இரண்டு காதிலும் செவிப்பறையில் ஓட்டை. சின்னனில் சீழ் வடிந்து ஆறாமல் போனது, உட்செவியில் பழுது இல்லை என்றார் டொக்டர். காற்றால் வரும் சத்தத்தைத்தான் அந்தப் பறை உள்ளே கொடுக்க வேண்டும். எலும்பால் வருவதற்குப் பறை தேவையில்லை. நான் அந்தக் கதிரையில் இருந்தபடி முப்பது வருடத்துக்கு முந்திய தோணிக்குப் போய்விட்டேன். காதுக்குழிக்குள்ள வைக்காத புள்ள, எலும்பில வை. அது அவர் கண்டுபிடித்து வைத்திருந்த வழி. எங்கள் வீட்டில் அரைகுறையாகக் கேட்டுக்கொண்டிருந்தவர், ஆற்றில்தான் முழுதாகக் கேட்டிருக்கிறார்.

வாற பூரணைக்கு அந்தப் பொடியனைத் தகப்பனோடு நொச்சிமுனைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். இரண்டு உருண்டைக் கல்லும் கொண்டு வரச் சொன்னேன். மேலே தட்டி ஒருமுறை, தண்ணீருக்குள் தட்டி ஒருமுறை, முங்கியபடி கேட்க வேண்டும். அப்பாவிடம் விசயத்தைச் சொன்னேன், எலும்பில் வாயை வைத்துச் சொல்வதுபோலக் கிட்டப் போய். அவர் சவளை எடுத்துக்கொண்டு முற்றத்தில் இருந்துவிட்டார். பிடியின் நுனி பிளந்துபோய்க் கிடக்கிறது, பிள்ளையின் தலையில் குத்தும் என்று அரத்தால் ராவிக்கொண்டிருக்கிறார்.